ஒரே குழி, ரெண்டு மருந்து: இன்ஹேலர் எப்படி வேலை செய்யுது?

போன மாசம் ஆபீஸ்ல ஒரு பெரிய டெமோ. கை நடுங்குது. பக்கத்து டீம் நண்பன், "இதைப் போட்டுக்கோ மச்சி, படபடப்பு அடங்கிடும்"னு ஒரு மாத்திரையை நீட்டினான். பேரு ப்ரொப்ரனலால். எனக்குச் சின்ன வயசுல இருந்தே வீசிங். பையில எப்பவும் நீல இன்ஹேலர் இருக்கும். சந்தேகம் வந்து டாக்டருக்கு போன் பண்ணேன். "ஆஸ்துமா இருக்கிறவங்க அதைத் தொடவே கூடாது"ன்னார். ஏன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோடு.

மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கிற தசை செல்களின் சவ்வில் பீட்டா-2 ரிசெப்டார்னு ஒரு புரதம் இருக்கு. சவ்வை ஏழு தடவை ஊசி நூல் மாதிரி ஊடுருவிப் போற ஏழு சுருள்கள். வெளிப்பக்கம் ஒரு சின்னக் குழி. இன்ஹேலர்ல இருக்கிற சால்புட்டமால் வந்து உட்கார்றது அங்கேதான். வேலையை முடிக்க அது செல்லுக்குள்ளே போக வேண்டியதே இல்லை.

அப்போ தகவல் உள்ளே எப்படிப் போகுது? ரிசெப்டாரே உருவம் மாறுது. குழியில் நடக்கிற அசைவு ரொம்பச் சின்னது. ஆனா அது சுருள்கள் வழியா இறங்கும்போது பெருசாகி, ஆறாவது சுருளின் உள்முனை வெளிப்பக்கமா விலகுது. 2011-ல் ப்ரையன் கோபில்காவின் குழு, இறுக்கமா ஒட்டுற ஒரு ஆய்வு மருந்தை வச்சு இதைப் பதிவு செஞ்சாங்க. அந்த முனை நகர்ந்திருந்த தூரம் 14 ஆங்ஸ்ட்ராம். ஒரு தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! ஆனா அந்த இடைவெளி போதும். அதுல ஜி-புரதம் வந்து பொருந்தும், செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பி ஏறும், தசை தளரும். சில நிமிஷத்துல மூச்சு சீராகும்.

இந்தப் படம் லேசுல கிடைக்கல. மருந்து உட்கார்ந்த பிறகும் ரிசெப்டார் ஒரே உருவத்துல நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். அதைப் பிடிச்சு நிறுத்த, லாமாங்கிற விலங்கிலிருந்து எடுத்த எதிர்ப்புரதத் துண்டு உதவியது. 2012-ல் கோபில்காவுக்கும், அவர் முன்பு யாரிடம் வேலை பார்த்தாரோ அந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைச்சது.

இப்போ அந்த மாத்திரைக்கு வருவோம். ப்ளஸ் டூ-ல பூட்டும் சாவியும்னு படிச்சோம், பொருந்தினா திறக்கும். ப்ரொப்ரனலாலும் அதே குழியில கச்சிதமா பொருந்துது. ஆனா ஆறாவது சுருளை நகர விடாது. அதாவது பொருந்துறது மட்டும் போதாது, எந்த உருவத்துல பிடிச்சு வைக்குதுங்கிறதுதான் விஷயம்.

படபடப்பு அடங்குறது இதயத்துல இருக்கிற பீட்டா-1 ரிசெப்டார் அடைபடுறதால. ஆனா இந்த மாத்திரை ரெண்டையும் அடைக்கும். மூச்சுக்குழாய் இறுகலாம், அந்த நேரத்துல இன்ஹேலரை அழுத்தினா, சால்புட்டமால் உட்கார வேண்டிய இடத்துல வேற ஆள் இருப்பான். நம்ம கடைசி நம்பிக்கையே சரியா வேலை செய்யாம போகலாம்.

அன்னைக்கு நடுங்கிக்கிட்டேதான் டெமோ கொடுத்தேன். பரவாயில்லை, மூச்சு இருந்தது. உங்க நண்பர்கள்ல யாருக்காவது வீசிங் இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.