ஜோசியர் கணக்கும் விஞ்ஞானி கணக்கும்

(வாழப்பாடிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்குப் பத்து வயதில் குளிர்காய்ச்சல் கண்டது. பாட்டி தாயத்துக் கட்டினார். மறுநாள் காய்ச்சலில்லை, "தாயத்தின் மகிமை" என்றார்கள். அதற்கு மறுநாள் உடம்பு தூக்கிப் போட்டது. "அவன் கர்மம்" என்றார்கள். வராத நாளின் பெருமை தாயத்துக்கு. வந்த நாளின் பழி எனக்கு! ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்த பிறகுதான் சங்கதி விளங்கிற்று. மலேரியாக் கிருமி 48 மணிக்கொரு முறை ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஆதலால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் என்பவர் 1897லேயே சிக்கந்தராபாத்தில் கண்டுவிட்டார்.

2023ல் உலகில் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவுக்குப் பலியானார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கப் பச்சைக் குழந்தைகள். அவை என்ன கர்மம் செய்தன என்று கேட்கின்றேன்.

பின் தடுப்பூசி ஏன் சுலபத்தில் கிடைக்கவில்லை? கொடிய மலேரியாக் கிருமியின் மரபணுக்கள் முழுவதையும் 2002ல் படித்து முடித்தார்கள். சுமார் 5,300 இருந்தன. கிருமியோ ஈரலில் ஒரு வேஷம், ரத்தத்தில் ஒரு வேஷம், கொசுவில் ஒரு வேஷம் போடுகிறது. இத்தனை மரபணுக்கள் செய்யும் புரதங்களில் எதைக் காட்டினால் நம் உடல் எதிரியை அடையாளம் காணும்? ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாது.

ஆகவே கம்ப்யூட்டரைக் கொண்டு சலிக்கிறார்கள். நம்மூர் சேகோ ஆலையில் சல்லடை போடுவதில்லையா? அதுபோலத்தான். இந்தப் புரதம் கிருமியின் வெளிப்புறத்தில் இருக்குமா? நம் உயிரணுவில் ஒட்டுமா? ஊருக்கு ஊர் உருமாறாமல் இருக்குமா? மனிதப் புரதத்தின் சாயலில்லாமல் இருக்குமா? தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறார்கள். தில்லியிலுள்ள மரபணு ஆராய்ச்சி நிலையத்தார் ஒட்டும் குணமுள்ள மலேரியாப் புரதங்களை இவ்விதம் பொறுக்கி, 2008ல் மால்வேக் என்ற பட்டியலாக வெளியிட்டார்கள். புரதத்தின் உருவத்தைக் கம்ப்யூட்டர் வரைந்தால் அது நடக்கக்கூடிய உருவந்தானா என்று பார்க்க உதவுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும் 1963ல் வெளியிட்ட வரைபடம்.

"இதுவும் ஜோசியந்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் இதுவும் ஜோசியந்தான். ஆனால் விஞ்ஞானி அப்படிச் செய்வதில்லை. மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றுக்கு இம்முறையில் சுமார் 600 புரதங்களைப் பொறுக்கினார்கள். சுமார் 350ஐச் செய்து எலிக்குப் போட்டார்கள். கிருமியைக் கொல்லும் சக்தியை உண்டாக்கியவை முப்பதுக்கும் குறைவு என்று 2000த்தில் தாங்களே அச்சிட்டார்கள். அம்முறையில் பிறந்த தடுப்பூசிக்கு 2013ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. பலிக்காத ஜாதகங்களை எண்ணி அச்சிட்ட ஜோசியர் ஒருவரைக் காட்டுவீர்களா?

உலக சுகாதார நிறுவனம் 2021லும் 2023லும் இரண்டு மலேரியாத் தடுப்பூசிகளைச் சிபாரிசு செய்தது. இரண்டாவதைப் புனாவில் செய்கிறார்கள். ஆனால் அவ்விரண்டும் குறிவைக்கும் புரதம் கம்ப்யூட்டர் கண்டதல்ல. 1980களிலேயே சோதனைச்சாலையில் அகப்பட்டது. கம்ப்யூட்டர் பொறுக்கிய மலேரியாப் புரதங்கள் இன்னும் பரீட்சையில்தான் இருக்கின்றன. நம் கட்சிக்கு அனுகூலமென்று இல்லாததைச் சொல்லமாட்டேன்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். காய்ச்சல் கண்டால் மந்திரிக்க ஓடாமல் ரத்தத்தைச் சோதியுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.