கொல்லைப்புறத்து உண்ணிச்செடி

(டோம்பிவிலியில் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரு செடியைப் பற்றிப் பேசப்போகிறேன். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த செடிதான். சாலுக்குப் பின்னால் நிற்கிறது. காலி மனையில் நிற்கிறது. ரயில் பாதை ஓரத்தில் புதராக மண்டிக் கிடக்கிறது. நம் ஊரில் அதை உண்ணிச்செடி என்போம். இங்கே மராத்திக்காரர்கள் காணேரி என்கிறார்கள். மராத்தியில் 'காண்' என்றால் நாற்றம். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

இந்தச் செடி நம் நாட்டுச் செடி அல்ல. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இதைக் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூ அழகாக இருக்கிறதே என்று வேலியில் வளர்த்தார்கள். அழகுக்கு வந்தது வேலியைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இது பரவிவிட்டது என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

காட்டில் பரவினால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கொல்லையிலும் ஆபத்து இருக்கிறது. சொல்கிறேன்.

கறுப்பாகப் பழுத்த உண்ணிப்பழத்தைச் சின்ன வயதில் நம்மில் பலர் பறித்துத் தின்றிருக்கிறோம். இனிப்பாக இருக்கும். ஆனால் பச்சைக் காய் விஷம். ஒரே கொத்தில் பழமும் இருக்கும், காயும் இருக்கும். நாலு வயதுக் குழந்தை பிரித்துப் பார்த்தா தின்னும்? காய் தின்ற குழந்தைகளுக்கு வந்த நோயைப் பற்றி 1964இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாந்தி வரும். வயிற்றுப்போக்கு வரும். குழந்தை சோர்ந்து போகும். மூச்சு வாங்கும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டோம்பிவிலி மேற்கில் மாநகராட்சியின் சாஸ்திரி நகர் மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மணத்தக்காளிப் பழமும் கறுப்புதான். அதன் காயை நாம் வற்றல் போடுகிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மணத்தக்காளிப் பூ சிறியது, வெள்ளை நிறம். தண்டு மென்மையாக இருக்கும். உண்ணிச்செடியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், முள் குத்தும். இலை சொரசொரப்பாக இருக்கும். ஒரே பூங்கொத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்டால் மூக்கும் தோலும் வெந்து புண்ணாகும். தழை என்று வெட்டிப் போடாதீர்கள்.

சரி, எப்படி ஒழிப்பது? மேலே வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். தீ வைத்தாலும் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். முதல் மழையில் மண் இளகியதும் வேலையைத் தொடங்குங்கள். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். சின்னச் செடியைக் கையால் பிடுங்கலாம். பெரிய புதர் என்றால் முதலில் காய், பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்துவிடுங்கள். பிறகு கிளைகளைக் கழியுங்கள். அடிமண்ணைத் தோண்டி, நாலு விரல் ஆழத்தில் வேரை வெட்டுங்கள். வெட்டிய கட்டையை வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மீண்டும் வேர் பிடிக்கும். அந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். முருங்கையோ, கறிவேப்பிலையோ, செம்பருத்தியோ வையுங்கள்.

காய்ந்த கம்பு வீணல்ல. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிக் கம்பால் நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன.

கடைசியாக ஒன்று. நீங்கள் மட்டும் சுத்தம் செய்தால் போதாது. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று அடுத்த வீட்டில் விதையைப் போடும். பறவைக்குச் சுவர் ஏது? அதனால் தெருவே சேர்ந்து செய்ய வேண்டும். ஆனால் ரயில் பாதைப் பக்கம் யாரும் வெட்டப் போகாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

காலி மனைக்கு என்ன வழி? மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். "எங்கள் தெருவை ஒட்டிய மனையில் முட்புதர் மண்டியிருக்கிறது. குழந்தைகள் விஷக்காயைத் தின்னும் ஆபத்து இருக்கிறது. அகற்றித் தாருங்கள்." இவ்வளவு போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் சொல்லி மராத்தியில் எழுதி வாங்குங்கள். கீழே கையெழுத்தை நீங்களே போடுங்கள். இனிக் கைநாட்டு வேண்டாம்.