பழைய கொப்பிகளைத் தேடுகிறோம்

(நூற்றாண்டு மலர்த் தயாரிப்பையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னை வாழ்த்துரை வழங்கத்தான் அழைத்தார்கள். நானோ உதவி கேட்க வந்திருக்கிறேன்.

நூற்றாண்டு மலருக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, கல்லூரியின் இலக்கிய முயற்சிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினோம். பரிசளிப்பு விழா அறிக்கைகளில் வருடா வருடம் தமிழ் நாடகம் மேடையேறியதாக இருக்கிறது. எழுதியவர் எங்கள் தமிழ் ரீச்சர். ஆனால் ஒரு நாடகத்தின் பிரதிகூடக் கிடைக்கவில்லை. உயர்தர வகுப்பு மாணவிகள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையின் கதையும் அதுதான். ஓர் இதழுக்கு ஒரே ஒரு பிரதி. வகுப்பு வகுப்பாகக் கைமாறி, கடைசியாக வாசித்தவரிடம் நின்றுவிட்டது.

இவையெல்லாம் எப்படி இல்லாமற் போயின என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது சயிக்கிளில் அரிசியையும் உடுப்பையும் கட்டினோம். கொப்பிகளை யார் கட்டினார்கள்? நான் புத்தக அலுமாரியைப் பூட்டித் திறப்பை மட்டும் கொண்டுபோனேன். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

கேட்டுப் பெறுவது எங்களுக்குப் புதிதல்ல. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தது, பிறரிடம் இருந்த ஏடுகளைத் தேடிப் பெற்றுத்தான். ஓர் ஏட்டில் சிதைந்துபோன வரி இன்னோர் ஏட்டில் இருக்கும். எங்கள் தேடலும் அதே வழிதான்.

மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தது. எங்கள் பெண்கள் நாவல் எழுதத் தொடங்கி நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் இலக்கிய வரலாறு அச்சேறியதைத்தான் கணக்கில் எடுக்கும். கொப்பியோடு நின்றுபோனவற்றை நாங்கள்தான் தேட வேண்டும்.

உங்களிடம் கேட்பவை மூன்று.

முதலாவது, பழைய சஞ்சிகை, நிகழ்ச்சி நிரல், கடிதம், ஓட்டோகிராப் கொப்பி எது இருந்தாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். மூலத்தைத் தர வேண்டியதில்லை. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவும் வேண்டாம், லமினேற் செய்யவும் வேண்டாம். இரண்டும் தாளைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, வகுப்புப் படங்களில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, வருடத்தையும் குறியுங்கள். பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் படமெடுங்கள்.

மூன்றாவது, நாடகங்களில் நடித்தவர்கள் நினைவில் இருக்கும் வசனத்தைப் போனில் பேசிப் பதிவுசெய்யுங்கள். உங்களுக்கு ராணியின் வசனம் ஞாபகம் இருக்கும், இன்னொருவருக்குத் தோழியின் வசனம். இரண்டையும் சேர்த்தால் ஒரு காட்சி கிடைத்துவிடும்.

இது அவசரமான வேலை. அண்மையில் கனடாவிலிருந்து ஓர் அக்கா, எண்பத்துமூன்று வயது, போனில் ஒரு காட்சியைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் களைத்துப்போய், “மிச்சத்தைப் பிறகு சொல்லுறன் பிள்ளை” என்றார். நானும் சரி அக்கா என்று வைத்துவிட்டேன். இரண்டு கிழமைக்குள் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பாதிக் காட்சி என் கொப்பியில் இருக்கிறது. மிச்சம் உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிடைப்பவற்றைக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். எழுதியவர்கள் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ தளத்துக்கும் கொடுப்போம். அப்போது ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பேத்தியும் அம்மம்மா பதினேழு வயதில் எழுதியதை வாசிக்கலாம்.

“நான் எழுதினது பெரிய இலக்கியமே?” என்று யாரும் தயங்க வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒருக்கால் அலுமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். ஒரு தாள் கிடைத்தாலும் சங்கச் செயலாளருக்கு அறியத்தாருங்கள்.