கடல் இல்லாத புதிய பூமி: இறுதிக்கால வாசிப்புகளும் அவற்றைப் பயிலும் முறையும்

1. ஒரு நூல், இரு பெயர்கள்

விவிலியத்தின் கடைசி நூலைக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் இரண்டு பெயர்களால் அறிவார்கள். கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் அது 'திருவெளிப்பாடு'. உள்நாட்டுச் சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் 'வெளிப்படுத்தின விசேஷம்'. குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையிலுள்ள இனயம் முதல் பெயருக்கு உரிய ஊர். பிரான்சிஸ் சவேரியார் 1544இன் கடைசி மாதங்களில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் மடலில் எழுதினார். இக்கரையின் முக்குவர் ஊர்களில் கத்தோலிக்க மரபு அந்தக் காலத்தில் வேர்விட்டது. உள்நாட்டில் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் லண்டன் மிஷன் நிலைபெற்றது. 1907இல் மிசூரி லுத்தரன் மிஷன் நாகர்கோவிலில் பணி தொடங்கியது. அதன்பின் பெந்தெகொஸ்தே சபைகள் பெருகின. இதனால் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரே நூலுக்கு நான்கைந்து விளக்கங்கள் வழங்குகின்றன.

கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தோர் எழுவர், தீர்ப்பு உண்டு: இந்த மூன்றையும் எல்லாச் சபைகளும் தத்தம் விசுவாச அறிக்கையில் ஏற்கின்றன. எது முன், எது பின், எது உருவகம், எது நிகழ்ச்சி என்று கேட்கும்போதே வேறுபாடு பிறக்கிறது.

2. ஆயிரம் ஆண்டு: மூன்று வாசிப்புகள்

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் 'ஆயிரம் ஆண்டு' என்ற சொல் 2 முதல் 7 வரையான வசனங்களில் ஆறு முறை வருகிறது. அதைப் பொருள் கொள்ளும் விதத்தில் மூன்று பள்ளிகள் உண்டு.

முதலாவது, கிறிஸ்து வந்தபின் அவர் பூமியில் ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்பது. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீனும் இரெனேயுவும் இதை ஏற்றிருந்தனர். இரண்டாவது, ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண். கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் மறுவருகைக்கும் இடைப்பட்ட திருச்சபைக் காலமே அந்த ஆட்சி என்பது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் 'கடவுளின் நகர்' என்ற நூலின் இருபதாம் பகுதியில் இதை விரித்துரைத்தார். கத்தோலிக்க மரபு பெரும்பாலும் அவ்வழியே நடந்தது. கிறிஸ்து இறுதித் தீர்ப்புக்கு முன் கண்காண வந்து பூமியில் ஆள்வார் என்பதைப் பாதுகாப்பான போதனையாகக் கற்பிக்க இயலாது என வத்திக்கானின் புனித அலுவலகம் 1944இல் அறிவித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 676ஆம் எண்ணில் அந்த நிலையைத் தொடர்கிறது. லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, தீர்ப்புக்கு முன் பக்தர்கள் உலக அரசைக் கைப்பற்றுவார்கள் என்ற கருத்தைத் தன் 17ஆம் பிரிவில் மறுக்கிறது. ஆகவே இந்த ஒரு பொருளில் இனயத்துக் கத்தோலிக்கரும் நாகர்கோவில் லுத்தரனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

மூன்றாவது, நற்செய்தி உலகெங்கும் பரவி நீண்ட நற்காலம் ஒன்று மலர்ந்தபின் கிறிஸ்து வருவார் என்பது. 18, 19ஆம் நூற்றாண்டு மிஷன் இயக்கங்களுக்கு ஊக்கம் தந்த நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று. முதல் உலகப் போருக்குப் பின் இதன் செல்வாக்கு குறைந்தது.

3. இரகசிய வருகை

இன்று தமிழ்நாட்டுக் கன்வென்ஷன் மேடைகளில் அதிகம் கேட்கப்படும் வரிசை இது: சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும்; ஏழாண்டு உபத்திரவ காலம் வரும்; அந்திக்கிறிஸ்து ஆள்வான்; பின்னர் கிறிஸ்து பகிரங்கமாக வருவார்; ஆயிர வருட அரசாட்சி தொடங்கும். இது ஆதிச்சபையில் இருந்த முதல் வாசிப்பிலிருந்து கிளைத்த புதிய வடிவம். 1830களில் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி இதற்கு உருக்கொடுத்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகெங்கும் கொண்டுசென்றன. இஸ்ரவேலும் சபையும் கடவுளின் இரு தனித்திட்டங்கள் என்பது இதன் அடித்தளம். தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களில் கடைசி வாரம் மட்டும் ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்ற கணக்கிலிருந்தே ஏழாண்டு வருகிறது.

சபை எடுத்துக்கொள்ளப்படுவதற்கு ஆதாரம் 1 தெசலோனிக்கேயர் 4:17. கிறிஸ்துவை எதிர்கொள்ள விசுவாசிகள் மேகங்களில் சேர்வதை அந்த வசனம் சொல்கிறது. அதற்கும் பகிரங்க வருகைக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி உண்டு என்று சொல்வதில்லை. உபத்திரவத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்று இப்பள்ளிக்குள்ளேயே கருத்து பிரிவதற்குக் காரணம் இதுதான். 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை.

4. நிறைவேறும் காலம்: நான்கு வழிகள்

தரிசனங்கள் எக்காலத்துக்கு உரியவை என்பதிலும் நான்கு வழிகள் உள்ளன. அவை பெரும்பாலும் முதல் நூற்றாண்டிலேயே நிறைவேறிவிட்டன என்பது ஒன்று. சபை வரலாற்றின் கட்டங்களை வரிசையாகக் காட்டுகின்றன என்பது இன்னொன்று. பெரும்பகுதி இனிமேல்தான் நிகழும் என்பது மூன்றாவது. எக்காலத்துக்கும் பொருந்தும் நன்மை தீமைப் போராட்டத்தின் உருவகங்கள் என்பது நான்காவது.

வரலாற்று வரிசையாக வாசித்த சீர்திருத்தவாதிகள் வெளிப்படுத்தின விசேஷம் 13இல் வரும் மிருகத்தைப் போப்பாட்சியோடு இணைத்தனர். அக்காலத்தில் சவேரியாரின் இயேசு சபையைச் சேர்ந்த இரு ஸ்பானிய அறிஞர்கள் வேறு வழிகளைத் திறந்தனர். பிரான்சிஸ்கோ ரிபேரா 1590களில் பெரும்பகுதியை எதிர்காலத்துக்கு ஒதுக்கினார். லூயிஸ் தெ அல்கசார் 1614இல் வெளிவந்த விளக்கவுரையில் பெரும்பகுதியைக் கடந்தகாலத்துக்கு ஒதுக்கினார். இன்று பெந்தெகொஸ்தே மேடைகளில் வழங்கும் எதிர்கால வாசிப்புக்கு ஒரு கத்தோலிக்க முன்னோடியும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

5. நாள் குறித்தவர்கள்

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ எதிர்பார்த்து ஏமாந்தனர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்தது.

திருவிதாங்கூரிலேயே இதற்கு நிகரான நிகழ்வு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பிரதரன் மிஷனரி ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸின் சீடரான ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் மூலம் 1860இல் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. 1873இல் அதைப் போன்ற எழுச்சி திருவிதாங்கூரில் பரவியது. அதில் முன்னின்றவர் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்து 1861இல் திருமுழுக்குப் பெற்ற யுஸ்துஸ் யோசேப்பு. மக்கள் அவரை வித்துவான் குட்டி என்றழைத்தனர். அவர் 1875இல் தனிச்சபை கண்டு, 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஆண்டு கடந்தது. அதன்பின் வருகை ஆவிக்குரிய விதத்தில் நிகழ்ந்துவிட்டது என்ற விளக்கம் பிறந்து, 'யுயோமயம்' என்ற புதிய மார்க்கம் உருவாயிற்று. அவர் 1887இல் மறைந்தார். அவருடைய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் மார்த்தோமா சபையில் பாடப்படுகின்றன.

கணக்கு பொய்த்தபின் கணக்கைக் கைவிடாமல், நிறைவேற்றத்தை வேறோர் உலகுக்கு மாற்றுவது இரண்டு நிகழ்வுகளுக்கும் பொது. அட்வென்டிஸ்டுகளும் 1844இல் பரலோகத்தில் ஒரு நிகழ்வு தொடங்கியது என்றே விளக்கினர்.

6. பயிலும் முறை

முதலில் 22 அதிகாரங்களையும் 404 வசனங்களையும் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும். தனி வசனத்தை அன்றைய செய்தித்தாளோடு பொருத்துவது பின்னால் கூட வரத் தேவையில்லை.

இரண்டாவது, இலக்கிய வகையை அறிதல். இந்நூல் ஒரே நேரத்தில் மடலும் இறைவாக்கும் காட்சி இலக்கியமும் ஆகும். எண்ணும் நிறமும் விலங்கும் இதில் மொழியாகவே இயங்குகின்றன.

மூன்றாவது, முதல் கேட்போரை நினைத்தல். நூல் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. தொமித்தியன் ஆட்சியின் இறுதியில், ஏறத்தாழ கி.பி. 95இல் எழுதப்பட்டது என்பது இரெனேயுவின் சாட்சி. நீரோ காலத்தையொட்டியது என்போரும் உண்டு. மிருகத்தின் எண்ணான 666ஐ எபிரெய எழுத்துகளில் 'நீரோ சீசர்' என்று படிக்கலாம். சில பழைய சுவடிகளில் அந்த எண் 616 என்றே உள்ளது. எழுத்தை எண்ணாகக் கொள்ளும் கடபயாதி முறை வழங்கிய திருவிதாங்கூர் மண்ணுக்கு இவ்வகைக் கணக்கு அந்நியமன்று.

நான்காவது, பழைய ஏற்பாட்டைக் கையில் வைத்திருத்தல். தானியேல், எசேக்கியேல், சகரியா, யாத்திராகமம் ஆகியவற்றின் சாயல் பக்கந்தோறும் உண்டு. ஐந்தாவது, தெளிவானதைக் கொண்டு மங்கலானதை விளக்குதல். அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்ற மத்தேயு 24:36 எல்லாக் கணக்குகளுக்கும் முன்னே வைக்கப்பட வேண்டியது. ஆறாவது, எதிர்ப்பள்ளியின் கருத்தை அப்பள்ளியார் ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுதிப் பார்த்தபின் மறுத்தல்.

7. ஒரு பயிற்சி: கடல்

இம்முறையை இனயம் போன்ற கரையில் சோதிக்க ஏற்ற இடம் வெளிப்படுத்தின விசேஷம் 21:1. புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும்போது கடல் இனி இல்லை என்கிறது அது. நேர்ப்பொருளில் வாசித்தால் மீன்பிடிப்போருக்கு அது தொழிலும் ஊரும் அழிந்த உலகம். பழைய ஏற்பாட்டோடு வாசித்தால் படம் மாறுகிறது. தானியேல் 7இல் நான்கு மிருகங்களும் கடலிலிருந்து எழுகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 13இலும் மிருகம் கடலிலிருந்தே வருகிறது. ஆகவே இல்லாமற்போவது அச்சமும் அழிவும் பிறக்கும் இடம் என்று உருவகப் பள்ளி கூறும். புதிய படைப்பின் நிலவியலே மாறும் என்று எதிர்காலப் பள்ளியில் ஒரு சாரார் கூறுவர்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் 20:13 நிற்கிறது: கடல் தன்னிலுள்ள இறந்தோரை ஒப்புவிக்கிறது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரி மாவட்ட மீனவர் பலரின் உடல்கள் கரை சேரவில்லை. கல்லறை இல்லாத இறந்தோரும் எண்ணப்படுகிறார்கள் என்பதை இவ்வசனம் சொல்கிறது. ஆயிரம் ஆண்டைப் பற்றி எதிரெதிர் நிற்கும் பள்ளிகள் அனைத்தும் இதில் ஒன்றுபடுகின்றன.

மூன்றாம் இடம் லூக்கா 21:25. கடலின் இரைச்சலால் மக்கள் கலங்குவதை அது அடையாளங்களோடு சேர்க்கிறது. 2004 டிசம்பர் 26இல் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மேலமணக்குடியையும் ஆழிப்பேரலை தாக்கியது போன்ற பேரிடர்களை இவ்வசனத்தோடு சேர்த்து, மாண்டோரின் பாவமே காரணம் என்று முடிவு கட்டுவது முறையன்று. அதே லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். அடையாளத்தைக் குறித்த வசனத்தை இந்த மறுப்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.