பிள்ளைக்கு எந்தப் பள்ளி?



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்துள்ள நாம், குடியிருக்க ஒரு வீடு அமைந்ததும் அடுத்தபடியாகத் தேடுவது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அங்கே தமிழ் உண்டா? முதல் கேள்விக்கு விடையளிப்பது தூரம். இரண்டாவதற்கு விடையளிப்பது தலைக்கணக்கு.

தென் அந்தமானிலுள்ள குட்வில் எஸ்டேட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாகக் குடியேறுவதாக வைத்துக்கொள்வோம். அந்தமான் நிக்கோபார், மத்திய ஆட்சிக்குட்பட்ட பகுதி. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், அதன்கீழ் மத்திய அரசாங்கம் 2010இல் வகுத்த விதிகளும் அங்கே செல்லும். முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர் நடைதூரத்திலும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் நடைதூரத்திலும் பள்ளி அமைய வேண்டும் என்பது விதி. பள்ளி அமைக்க இயலாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து, விடுதி போன்ற வசதிகளைச் செய்து தரவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

சேர்க்கைக்காகப் பரீட்சை வைப்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பலாகாது. படிப்பு இடையில் விட்டுப்போயிருந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் படித்த பிள்ளை, எட்டாவது வரை முடிக்க வேறு பள்ளிக்கு மாற உரிமை பெற்றுள்ளது. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்க வேண்டும். அது வரத் தாமதமாயினும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. ஊர் விட்டு ஊர் மாறும் நமக்கு இது பெருந்துணை.

இனி, மொழியைப் பார்ப்போம். பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றே அச்சட்டம் சொல்கிறது. 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யப் பணிக்கிறது. இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவது 1949இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மகாநாடு செய்த முடிவு: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ இருப்பின், அம்மொழி ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும். மொழி விருப்பத்தை முன்கூட்டியே குறிக்கும் பதிவேடுகளை வைப்பதும், ஒரு பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் பக்கத்துப் பள்ளிகளோடு இணைத்துப் பார்ப்பதும் பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாடுகள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ்வழிக் கல்வியும் அத்தீவுகளில் உண்டு. ஆயினும், ஊரில் எத்தனை தமிழர் வாழ்கின்றனர் என்பதைக் கொண்டு பள்ளியில் ஆசிரியர் வந்துவிடுவதில்லை. தமிழ் வேண்டுமென்று எத்தனை பெற்றோர் எழுதிக் கேட்டனர் என்பதே கணக்கு. ஒன்பது வீட்டார் கேட்டுப் பத்தாமவர் பேசாதிருந்தால், ஒன்பது பிள்ளைகளும் தமிழை இழக்க நேரலாம்.

350-அ பிரிவின் காப்பு ஆரம்பக் கல்வியோடு நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறும்போது, அங்கே தமிழ்வழி உண்டா, இல்லையேல் தமிழைப் பாடமாகவேனும் கற்கலாமா என்று முன்னதாகவே விசாரிப்பது நலம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பள்ளி திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அண்டை அயலிலுள்ள தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடி, ஒரே விண்ணப்பமாக எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்போமாக.