மேசை ஒன்றானால் வீடு ஒன்றாகும்



கிழக்குத் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியை நம்மில் பலர் அறிவோம். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்கள் 1837இல் சென்னை நகரில் தொடங்கிய அந்தக் கல்விப்பணி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1937இல் தாம்பரத்துக் காட்டு நிலத்துக்கு இடம் மாறியது. அங்கே மாணவர் தங்கும் விடுதிகளை 'ஹால்' என்பார்கள். சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால், புனித தோமா ஹால். நாம் படியேறிச் சென்று செபிக்கும் பரங்கிமலைத் தோமாவின் பெயர்தான் அது. பல மாநிலத்து, பல மொழி, பல சமயப் பிள்ளைகள் அங்கே ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுப் படிக்கிறார்கள்.

அந்த வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக மறைப்பணி மாநாடு ஒன்று நடந்தது. நம் பிரிந்த சகோதரர்களாகிய சீர்திருத்த சபையினர் கூட்டியது. முதலில் சீனாவில் நடத்தத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் சீனாமீது போர் தொடுத்ததால் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். அவர்களில் சீனரும் இருந்தனர், ஜப்பானியரும் இருந்தனர். அவர்களுடைய நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த வேளையில், இவர்கள் நம் மண்ணில் ஒன்றாகக் கூடிச் செபித்தார்கள்.

அன்பானவர்களே, ஒரே வீட்டில் தங்குவது ஒன்று. ஒரே மேசையில் அமர்வது வேறொன்று. திருத்தூதர் பேதுருவுக்கே இது கடினமாக இருந்தது. யாப்பாவில் அவர் தங்கியது ஒரு கடலோர வீடு. தோல் பதனிடுபவர் என்று பிறர் ஒதுக்கிய சீமோனின் வீடு. அங்கிருந்துதான் ஆண்டவர் அவரைப் பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்கு அனுப்பினார். பேதுருவும் போனார். ஆனால் பின்னாளில் அந்தியோக்கியாவில், சொந்த இனத்தார் சிலர் வந்ததும், 'இவர்கள் என்ன நினைப்பார்களோ' என்று அஞ்சி, பிற இனத்தாரோடு உண்பதை நிறுத்திக்கொண்டார். பவுல் அதை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார்.

அந்த அச்சம் எனக்கும் வந்தது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மேகாலயாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். "ஃபாதர், தங்குவதற்கு ஒரு அறை கிடைக்குமா?" என்று கேட்டார். மாடிப் பகுதியை வாடகைக்கு விடவிருந்த பங்குக் குடும்பம் ஒன்றுக்கு ஃபோன் செய்தேன். "நம்ம கோயிலுக்கு வர்ற பையன்தாம்மா" என்றேன். "ஃபாதர், அவங்க சாப்பாடு வேற, பழக்கம் வேற. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?" என்றார் அந்த அம்மா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிம்மா, பரவாயில்லை" என்று ஃபோனை வைத்துவிட்டேன். அன்று காலைதான் அந்த மாணவரும் அந்த அம்மாவும் ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வாங்கியிருந்தார்கள். கொடுத்தவன் நான். அந்த அம்மாவைவிட என் மௌனமே என்னை அதிகம் உறுத்துகிறது.

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் இன்று எத்தனை கல்லூரிகள்! எத்தனை கட்டட வேலைகள்! வெளியூர்ப் பிள்ளைகள் நம் தெருக்களில் வீடு தேடி அலைகிறார்கள். என்ன சாதி, என்ன சாப்பாடு என்றுதான் முதலில் கேட்கிறோம். பெயரைக் கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறோம். இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவது அந்தக் கதவைப் பற்றித்தான் என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். வீடு வாடகைக்கு விடுபவர்கள், அடுத்துக் கேட்டு வருபவரின் பெயரை முதலில் கேளுங்கள். வாடகைக்கு விட வீடில்லாதவர்கள், கோயிலில் தனியாக நிற்கும் ஒரு வெளியூர்ப் பிள்ளையை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். அந்த மாணவரைத் தேடிப்போய் நானும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன்.

ஆண்டவரே, உமது பந்தியில் எங்களுக்கு இடம் தந்தீர். எங்கள் பந்தியில் பிறருக்கு இடம் தர எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.