கதிர்வீச்சு விதை: பயப்படணுமா?



போன மாதக் கூட்டத்தில், குழுக்கள் சேர்ந்து நிலக்கடலை விதை வாங்குவது பற்றிப் பேசினோம். அப்போது ஒரு அக்கா எழுந்து, "அது கதிர்வீச்சு கொடுத்த ரகமாமே, புள்ளைங்க திங்கலாமா?" என்று கேட்டார். அதோடு அந்தத் தீர்மானம் நின்றுபோச்சு. கேட்டது நியாயமான கேள்வி. நான் பத்தாவது வரை படித்தவள்தான். வேளாண்மைப் பயிற்சியில் கேட்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

ஒரே காட்டில், ஒரே விதையில் வந்த செடிகளில் எப்போதாவது ஒன்று மட்டும் மாறி நிற்கும். காய் பெரிசா இருக்கும், இல்லை சீக்கிரம் பூக்கும். அதைத் தனியாகப் பறித்து விதைக்கு வைத்தது நம்ம பாட்டிமார்தான். ஆனால் அந்த மாற்றம் தானாக வருவது அபூர்வம். எக்ஸ்ரே கதிர் பட்டால் இப்படிப்பட்ட மாற்றம் அதிகமாக வருகிறது என்று 1927-ல் முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஈக்களை வைத்துக் காட்டினார். அதன்பிறகு பயிர்களிலும் செய்ய ஆரம்பித்தார்கள்.

விதையை ஒரு பெட்டிக்குள் வைத்து, கோபால்ட்டில் இருந்து வரும் காமா கதிரை அளவாகக் காட்டுவார்கள். அதில் கொஞ்சம் விதை முளைக்காமலே செத்துப்போகும். முளைத்ததை நட்டு, அதில் விதை எடுத்து, மறுபடி நடுவார்கள். பெரும்பாலும் இரண்டாம் தலைமுறையில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அதிலும் முக்கால்வாசி உதவாதது. வெளிறிப் போனது, காய் பிடிக்காதது என்றுதான் இருக்கும். ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதாக ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிசு. அதைப் பல வருஷம் நட்டுச் சோதித்த பிறகுதான் ரகமாக வெளியிடுவார்கள். கதிர் மாற்றத்தை உண்டாக்கும், அவ்வளவுதான். நல்லதைப் பொறுக்கி எடுப்பது மனுஷன் கையில்தான் இருக்கிறது.

இது புது விஷயமும் இல்லை. மெக்சிகோவில் இருந்து வந்த சொனாரா 64 கோதுமை நல்லா விளைந்தது. ஆனால் மணி சிவப்பாக இருந்ததால் சப்பாத்திக்கு ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. நம்ம கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஐயாவும் அவரோடு வேலை செய்தவர்களும் டெல்லியில் அதற்குக் காமா கதிர் கொடுத்து, வெளிர் நிற மணியாக சர்பதி சொனாராவைக் கொண்டுவந்தார்கள். ஆந்திராவில் 9 மாதம் நின்ற ஆமணக்கில் இருந்து 4 மாதத்தில் விளையும் அருணா ரகம் வந்தது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இப்படி நிலக்கடலை ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் 1991-ல் வந்த டிஏஜி 24 பேர் பெற்றது. நம்ம பக்கத்து ஈரோடு மஞ்சளுக்கு எக்ஸ்ரே கொடுத்துதான் பவானிசாகரில் பிஎஸ்ஆர் 1 ரகம் வந்தது. மதுரையில் வந்த எம்டியு 1 பாகற்காயும் இப்படித்தான். தெரியாமலே நாமும் சமைத்திருப்போம்.

இப்போது அந்த அக்கா கேட்டதற்கு வருகிறேன். வெயிலில் காயவைத்த மிளகாயை வீட்டுக்குள் எடுத்து வந்தால் அது வெயில் அடிக்குமா? காமா கதிரும் விதைக்குள் புகுந்து போய்விடும், அதில் தங்காது. அதோடு, கதிர் பட்ட விதை நம் கைக்கு வருவதே இல்லை. அதன் பல தலைமுறைக்குப் பிறகு வந்த விதைதான் வருகிறது.

என் மாமியாருக்குப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தபோது, பக்கத்தில் போனால் நமக்கும் வந்துவிடும் என்று சிலர் பிள்ளைகளை வீட்டுக்கே அனுப்பவில்லை. நோயைவிட அதுதான் அவரை அழவைத்தது. வெளியே இருந்து மெஷினில் வைக்கிற கரண்ட் உடம்பில் தங்காது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெம்பு வந்தது. விஷயம் தெரியாத பயம் மனுஷியையும் ஒதுக்கும், நல்ல விதையையும் ஒதுக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். பி.டி. பருத்தி மாதிரி வேறு உயிரின் மரபணுவை இதில் சேர்ப்பதில்லை. செடியில் இருப்பதே மாறுகிறது. இரண்டாவது, நிலக்கடலை தன் பூவிலேயே கருவாகும் பயிர். அதனால் வீரிய ஒட்டு மக்காச்சோளம் மாதிரி வருஷா வருஷம் விதை வாங்கவேண்டியதில்லை. நல்ல காயைப் பொறுக்கி அடுத்த போகத்துக்கு நாமே வைத்துக்கொள்ளலாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. வெளியூரில் விளைந்த ரகம் நம்ம மண்ணிலும் விளையும் என்று சொல்லமுடியாது. போடுவது நம்ம சேமிப்புப் பணம். அதனால் என் யோசனை இது: சான்று விதைக்குரிய நீல அட்டை பார்த்துக் கொஞ்சமாக வாங்குவோம். நம்ம பழைய ரகத்தின் பக்கத்திலேயே ஐந்து சென்ட் போடுவோம். எத்தனை தண்ணீர், என்ன நோய், எத்தனை மூட்டை என்று குழு நோட்டில் எழுதுவோம். அறுவடை முடிந்ததும் கணக்கைப் பார்த்து முடிவு செய்வோம். வேண்டாம் என்றாலும் கணக்கைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வோம்.